கொடைக்கானல் குளிரில் சிலிகான் பூச்சு: படகின் அடியைப் பார்த்துப் பிழை கண்டுபிடிப்பது

ஷெட் மலைமேல், ஓட்டம் கடலில். பெருமாள்மலை, பூம்பாறை, மன்னவனூர் பக்கம் இருந்துகொண்டு, 16 முதல் 20 அடி ஃபைபர் பாய்மரப் படகை டிரெய்லரில் மண்டபத்துக்கோ தூத்துக்குடிக்கோ இறக்கி ஓட்டுகிறவர்கள், பாசி ஒட்டாமலிருக்க அடியில் பூசும் சிலிகானில் வரும் பிழையைக் கண்டுபிடிக்க இது உதவும். பெயின்ட் டப்பாவில் உள்ள குறிப்பு கடற்கரை வெப்பத்தை மனதில் வைத்து எழுதியது போலத்தான் இருக்கும். நாம் பூசுவதோ 14 டிகிரியில், மேகத்துக்குள். தப்பு பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது.

சிலிகான் பூச்சு எதையும் கொல்வதில்லை. செம்பு கலந்த வழக்கமான அடிப் பெயின்ட் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, அந்த நஞ்சால் பாசியையும், ஓட்டோடு ஒட்டி வளரும் கடல் பிராணியான கொட்டலசையும் தடுக்கும். சிலிகான் பிடிமானமே கொடுக்காது. வந்து ஒட்டுவது தளர்வாக ஒட்டும். படகு ஓடும்போது தண்ணீர் உரசி அதைக் கழற்றிவிடும். எதையும் ஒட்டவிடாத இந்தக் குணம்தான் அதன் பலம், தலைவலியும் அதுதான். தனக்கு அடியில் இருக்கும் எபாக்ஸியிலும் (ஹார்டனர் கலந்து இறுகவைக்கும் பிசின் பெயின்ட்) அது நேராக ஒட்டாது. நடுவில் டை கோட் என்று ஒரு கோட்டிங் வேண்டும். சேராத இரண்டு குடும்பத்தைச் சேர்த்துவைக்கும் தரகர் அது. ஆக வரிசை இப்படி: ஜெல்கோட் (ஃபைபர் படகின் சொந்த மேல்தோல்), எபாக்ஸி ப்ரைமர், டை கோட், சிலிகான். பிழை தேடும்போது இந்த வரிசையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: அடி முழுக்கப் பச்சையாக, பழுப்பாக ஒரு வழுக்கல்

விரலால் ஒரு இழுப்பு இழுங்கள். கோடு போட்டது போலச் சுத்தமாக வந்துவிட்டால் பூச்சில் குறை எதுவும் இல்லை. "சிலிகான் பூசியும் பாசி பிடிக்கிறதே" என்று வரும் புகார்களில் பாதி இந்த வகைதான்.

காரணம் வேகம். பழைய சிலிகான் வகைகள் தாமாகச் சுத்தமாக 15 நாட் (மணிக்கு 15 கடல் மைல்) அளவு வேகம் கேட்டன. பின்னால் வந்தவை 8, 10 நாட்டில் வேலை செய்கின்றன. நம் படகு என்ன ஓடும்? தண்ணீரைக் கிழித்துப் போகும் வகைப் படகின் உச்ச வேகத்துக்கு ஒரு தோராயக் கணக்கு உண்டு: நீர்மட்டக் கோட்டின் நீளத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34 ஆல் பெருக்க வேண்டும். 16 அடிக்கு 5.4 நாட், 20 அடிக்கு 6 நாட். நல்ல காற்றிலேயே இவ்வளவுதான். தண்ணீர்மேல் எழும்பிச் சறுக்கி ஓடும் இலகுவான படகு மட்டும் இந்தக் கணக்கைத் தாண்டும். போதாததற்கு, இந்த வழுக்கலில் டயாட்டம் என்ற நுண்பாசி இருக்கிறது. வேகமாக ஓடும் கப்பலிலேயே சிலிகானைப் பிடித்துக்கொண்டு போகிற ஜாதி அது.

ஆகவே வேகம் செய்யாததைக் கை செய்ய வேண்டும். படகு தண்ணீரில் கிடக்கும் நாட்களில் இரண்டு, மூன்று வாரத்துக்கு ஒருமுறை மெத்தென்ற ஸ்பாஞ்சால் ஒரு துடைப்பு போதும். பச்சை நார்ப்பட்டை, தேங்காய் நார், உப்புத்தாள் எதுவும் ஆகாது. பாத்திரம் தேய்க்கும் நாரால் தேய்த்த இடம் பார்வைக்குப் பளிச்சென்று இருக்கும். நுண்ணிய கீறல் விழுந்து, அடுத்த மாதம் அங்கேதான் முதலில் பாசி ஏறும்.

துடைத்தும் போகவில்லை, துடைத்த இடம் விரலுக்குச் சொரசொரப்பாக இருக்கிறது, பூச்சும் பல வருடம் ஆனது என்றால் கதை வேறு. பல சிலிகான் வகைகளில் வழுக்கலுக்கென்று ஒரு எண்ணெய் கலந்திருக்கும். அது மெல்ல மெல்ல வெளியேறித் தீர்ந்துபோகும். பூச்சு உரியாமல் உறுதியாக இருந்தால் சுரண்ட வேண்டாம். நன்றாகக் கழுவி, எண்ணெய்ப்பசை எடுத்து, அதே வகைச் சிலிகானை மேலே ஒரு கோட்டிங் கொடுக்கலாம். சிலிகான்மேல் ஒட்டுவது சிலிகான் மட்டும்தான்.

அறிகுறி: அங்கங்கே கொட்டலசு

எங்கே என்று முதலில் பாருங்கள். படகின் முதுகெலும்பான ஏராவின் அடிவிளிம்பு, சுக்கானின் ஓரம், டிரெய்லர் கட்டை அழுத்தும் இரண்டு பட்டைகள், கயிறு உரசும் முன்முனையான அணியப் பகுதி. இந்த இடங்களில் மட்டும் என்றால் சிலிகான் அங்கே கிழிந்திருக்கிறது. அது ரப்பர் போல மிருதுவானது. மணல் திட்டில் ஒருமுறை அடி தட்டினால் போதும். வத்தலக்குண்டு காட் ரோட்டில் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் படகு டிரெய்லர்மேல் அரை அங்குலம் அசைகிறது. கட்டைமேல் போட்ட கம்பளத்தில் மணல் சிக்கியிருந்தால் அதுவே உப்புத்தாள். மலை ஏறும் முன் கீழேயே கம்பளத்தைக் கழுவுங்கள்.

கொட்டலசைக் குத்தி எடுக்கக் கூடாது. கட்டைவிரலையோ பிளாஸ்டிக் பட்டியையோ பக்கவாட்டில் வைத்துத் தள்ளுங்கள். முழுச் சிலிகான்மேல் இருந்தால் அடித்தட்டோடு கழன்று விழும். வட்டமான வெள்ளைத் தட்டு ஒட்டிக்கொண்டு நின்றால் அங்கே சிலிகான் இல்லை, அடியில் உள்ள எபாக்ஸியைத்தான் அது பிடித்திருக்கிறது. அந்த இடத்தை மட்டும் கூரான கத்தியால் சுற்றி வெட்டி, தளர்ந்ததை எடுத்து, எபாக்ஸி, டை கோட், சிலிகான் என்று வரிசையாக ஒட்டுப் போடலாம்.

படகு முழுக்கச் சமமாகக் கொட்டலசு ஏறியிருந்தால் பூச்சைக் குறை சொல்லாதீர்கள். படகு கட்டிக்கிடந்திருக்கிறது. மாதக்கணக்கில் ஒரே இடத்தில் கடல்நீரில் கட்டிப்போட்டு, எப்போதாவது வந்து பார்ப்பவருக்குச் சிலிகான் சரிப்படாது. அவர் செம்புக்கே போகலாம். ஆனால் அடி அலுமினியமாக இருந்தால் செம்புப் பெயின்ட் வேண்டாம், அலுமினியத்தை அரித்துவிடும். அங்கே சிலிகான் பாதுகாப்பான தேர்வு.

அறிகுறி: தோல் உரிவது போலப் பட்டை பட்டையாகக் கழல்கிறது

இதுதான் மலைக்காரர்களின் நோய். நிதானமாகப் பார்க்க வேண்டிய இடமும் இதுதான்.

கழன்ற பட்டையைத் தூக்கிப் போடாதீர்கள். உள்ளங்கையளவு ஒரு துண்டை எடுத்து, பின்பக்கத்தைத் திருப்பி, வெளிச்சத்தில் பாருங்கள். படகில் அது விட்டுவந்த இடத்தையும் பாருங்கள். மூன்று கோட்டிங்கும் மூன்று நிறமாக வாங்கியிருந்தால் இந்த நேரத்தில் கைகொடுக்கும். அடுத்தமுறை வாங்கும்போது அப்படியே வாங்குங்கள்.

பட்டையின் பின்பக்கம் சிலிகானின் நிறமே இருக்கிறது, படகில் டை கோட் அப்படியே நிற்கிறது என்றால், டை கோட் அதிகம் காய்ந்தபிறகு சிலிகான் அடித்திருக்கிறீர்கள். பல வகைகளில் டை கோட் இன்னும் பிசுபிசுப்பாக இருக்கும்போதே சிலிகான் ஏற வேண்டும். விரல் வைத்தால் பிடிக்க வேண்டும், ஆனால் விரலோடு வரக்கூடாது. அந்தப் பதம் எத்தனை மணி நேரத்தில் வரும், எத்தனை மணி நேரம் நிற்கும் என்று டப்பாவோடு வரும் தாளில் வெப்பநிலை வாரியாக அட்டவணை இருக்கும். 20 டிகிரிக்கான பத்தியைப் பார்த்துவிட்டு வேலை செய்கிறவர்கள்தான் அதிகம். நமக்கு வேண்டியது 10 டிகிரிப் பத்தி. அப்படிப் பத்தியே இல்லாத பெயின்டை மலைக்கு வாங்கிவராதீர்கள். தேர்வில் நான் முதலில் பார்ப்பது இதைத்தான், விலையைப் பிறகு.

நேரம் தவறிவிட்டது என்று சிலிகான் அடிக்கும் முன்னே தெரிந்தால் நஷ்டம் சிறியது. பொதுவாக இன்னொரு மெல்லிய டை கோட் கொடுத்து, மறுபடி பதம் பார்த்து, மேலே போகலாம்.

பட்டையின் பின்பக்கம் டை கோட் நிறம், படகில் பளபளவென்று எபாக்ஸி என்றால், எபாக்ஸியின் முகத்தில் ஏதோ படிந்திருந்தது. மலைமேல் அந்த ஏதோ அநேகமாக ஒன்றே. எபாக்ஸியின் ஹார்டனரில் இருக்கும் அமீன் என்ற வேதிப்பொருள், குளிரிலும் ஈரத்திலும் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடோடும் தண்ணீரோடும் சேர்ந்து, மேலே மெழுகு போல ஒரு படலம் கட்டும். கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. ஈர விரலால் தேய்த்தால் சோப்பு தொட்டது போல வழுக்கும். இதைத் தின்னரால் துடைத்தால் இடம் மாறி உட்காரும், அவ்வளவுதான். உப்புத்தாளால் தேய்த்தால் உள்ளே அழுந்தும். வெதுவெதுப்பான தண்ணீரும் தேய்ப்பானும் போதும். அது தண்ணீரில் கரைகிற சரக்கு. கழுவி, துடைத்து, உலர்ந்தபிறகு உப்புத்தாள், அதன்பிறகு டை கோட். இந்த ஒரு கழுவலை விட்டதால் முழு அடியும் உரிந்த படகுகளைப் பார்த்திருக்கிறேன்.

எபாக்ஸியும் சேர்ந்து வந்து ஜெல்கோட் வெறுமையாகத் தெரிந்தால், அச்சிலிருந்து ஃபைபரை எடுக்கப் பூசும் மெழுகு போகாமல் இருந்திருக்கும், அல்லது ஜெல்கோட்டை உப்புத்தாள் போட்டு மங்கலாக்காமல் பூசியிருப்பார்கள். தண்ணீரைக் கையால் தெளித்துப் பாருங்கள். சமமாகப் பரந்து நின்றால் சுத்தம். முத்து முத்தாக உருண்டால் மெழுகு இன்னும் இருக்கிறது.

பின்பக்கத்தில் நுண்ணிய ஊசித் துளைகளும், தொட்டால் பொடியாக உதிர்வதும் தெரிந்தால் பனி. பூசும்போதே அடிமேல் ஈரம் பூத்திருந்தது என்று பொருள்.

அந்த ஈரத்தைப் பற்றிக் கொஞ்சம்

காற்றில் உள்ள ஈரம் எந்த வெப்பநிலையில் குளிர்ந்து நீர்த்துளியாகுமோ அது பனிநிலை. பூசப்போகும் பரப்பு பனிநிலையைவிடக் குறைந்தது 3 டிகிரி சூடாக இருக்க வேண்டும் என்பது எல்லா நல்ல பெயின்டிங் வேலையிலும் உள்ள விதி. ஈரப்பதம் 85 சதவீதத்துக்குக் கீழே இருப்பதும் வேண்டும்.

காலை 8 மணிக்கு ஷெட்டில் காற்று 14 டிகிரி, ஈரப்பதம் 90 என்று வையுங்கள். பனிநிலை சுமார் 12.4. இரவெல்லாம் குளிர்ந்த படகின் அடி 12, 13 டிகிரியில் இருக்கும். கையால் தடவினால் ஈரம் தெரியாமல் இருக்கலாம், பெயின்டுக்குத் தெரியும். அதே ஷெட்டில் வெயில் ஏறிய 11 மணிக்குக் காற்று 19, ஈரப்பதம் 60 என்றால் பனிநிலை 11 தான். அடி 17 வந்திருந்தாலே 6 டிகிரி இடைவெளி. தாராளமாகப் பூசலாம். ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டரும், பரப்பின் வெப்பம் காட்டும் துப்பாக்கி மாதிரித் தெர்மாமீட்டரும் ஒரு டப்பா சிலிகானின் விலையில் சின்னப் பங்கு. மீட்டரைச் சுவரில் மாட்டாமல் படகின் அடியருகே வையுங்கள், அங்கேதான் குளிர் தேங்கும்.

பழனி மலையில் வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை நன்றாகவே பிடிக்கும். ஏப்ரலில் கோடை மழை இறங்கும். நடுவில் ஜனவரி கடைசி முதல் மார்ச் வரைதான் நமக்கு. அதிலும் காலை 10 முதல் பகல் 2 வரை. கீழேயிருந்து வரும் பெயின்டர்களுக்கு இது புரிவதில்லை.

"அண்ணே, வெயில் நல்லாத்தானே அடிக்குது, சாப்பிட்டு வந்து மூணு மணிக்கு ரெண்டாவது கோட்டிங் போட்டுறலாம்."

"வேணாம் தம்பி. மூணு மணிக்கு மேகம் ஷெட்டுக்குள்ளயே வந்துரும். மிச்சத்த நாளைக்குப் பாத்துக்கலாம்."

பூசியபிறகும் முதல் சில மணி நேரம் அதே இடைவெளி நிற்க வேண்டும். அதனால் கடைசிக் கை ரோலர் பகல் 2 மணிக்குள் முடிய வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஷெட்டைச் சூடாக்க வேண்டுமானால் மின்சார ஹீட்டர் வையுங்கள், அதுவும் தின்னர் வாடை போகக் கதவைத் திறந்து, பொறி பறக்காத வகையாக. கணப்பு, கரி அடுப்பு, மண்ணெண்ணெய் ஸ்டவ் மூன்றும் வேண்டாம். தின்னர் ஆவிக்கு அருகில் நெருப்பு என்பது முதல் காரணம். மூடிய ஷெட்டில் கரிப்புகை உயிரை எடுக்கும் என்பது இரண்டாவது. இவை இரண்டும் இல்லாவிட்டால்கூட, மண்ணெண்ணெய் எரிந்தால் நீராவி வரும். சூடேற்றுகிறேன் என்று குளிர்ந்த அடிமேல் ஈரத்தையும் எண்ணெய்ப் புகையையும் நீங்களே படியவைப்பீர்கள்.

அறிகுறி: நாலு நாளாகியும் பிசுக்குப் போகவில்லை

அடி முழுக்க ஒரே மாதிரிப் பிசுக்காக இருந்தால் குளிர்தான். காத்திருங்கள். எபாக்ஸியானால் வெப்பம் 10 டிகிரி இறங்கும்போது காயும் நேரம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். சிலிகானும் குளிரில் சோம்பும். மேலே தோல் கட்டி உள்ளே கூழாக இருந்தால் தடிமனாக அடித்திருக்கிறீர்கள். ஒரு பாகமாக வரும் சிலிகான் காற்றின் ஈரத்தை எடுத்துத்தான் இறுகும். தோல் கட்டிவிட்டால் உள்ளே ஈரம் போகத் தாமதமாகும். இங்கே மட்டும் நம் ஈரக்காற்று உபகாரம்.

திட்டுத்திட்டாகச் சில இடம் காய்ந்து சில இடம் கூழாக இருந்தால், இரண்டு பாகச் சரக்கைச் சரியாகக் கலக்கவில்லை. அது எத்தனை வாரம் விட்டாலும் காயாது. வழித்து எடுத்து மறுபடி பூசுவதுதான் வழி.

அறிகுறி: பூசும்போதே குட்டிக் குட்டிக் குழிகள்

ரோலர் போன இடத்தில் பெயின்ட் விலகி மீன்கண் போல வட்டம் விழுகிறது. எபாக்ஸி பூசும்போது இது வந்தால் அடியில் எங்கேயோ சிலிகானோ எண்ணெயோ பட்டிருக்கிறது. கார் டயர் பாலிஷ், ஜன்னலுக்கு வைக்கும் சீலன்ட், பக்கத்தில் யாரோ அடித்த லூப்ரிகன்ட் ஸ்பிரே, எதுவும் போதும். உடனே நிறுத்துங்கள். மேலே மேலே பூசினால் மூடாது. வழித்துவிட்டு, இரண்டு துணியால் துடையுங்கள்: ஒன்றில் தின்னர் நனைத்து ஒரு முழம் இடத்தைத் துடைத்து, அது உலரும் முன் காய்ந்த துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். ஒரே துணியால் தேய்த்தால் எண்ணெயைப் படகு முழுக்கப் பரிமாறுவீர்கள். உப்புத்தாள் அதற்கப்புறம்தான்.

அறிகுறி: கொப்புளம்

குத்திப் பாருங்கள், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு. உள்ளே திரவம் வந்து, வினிகர் போலப் புளித்த வாடை அடித்தால் ஃபைபருக்குள்ளேயே தண்ணீர் ஏறியிருக்கிறது. சிலிகானுக்கு இதில் சம்பந்தம் இல்லை. அடியைத் திறந்து, மாதக்கணக்கில் உலரவிட்டு, எபாக்ஸி தடுப்பு கொடுக்க வேண்டும். மலைக்காற்றில் உலர்வது மந்தம். அந்த வேலைக்குப் படகைக் கீழே தேனிப் பக்கமோ மதுரைப் பக்கமோ வெயிலில் வைப்பது நல்லது.

அறிகுறி: டிரெய்லரிலிருந்து நழுவுகிறது

புதுச் சிலிகான் ஈரமானால் சோப்புக்கட்டிதான். படகை டிரெய்லரோடு இழுத்துப் பிடிக்கும் வின்ச் கொக்கியைக் கழற்றும் நேரத்தைத் தள்ளிப்போடுங்கள். படகு மிதக்கும் ஆழம் வந்தபிறகே கழற்ற வேண்டும். காட் ரோட்டில் அணியத்துக்கு ஒன்று, பின்பக்கத்துக்கு இரண்டு என்று பட்டை கட்டாமல் கிளம்பாதீர்கள்.

சிலிகான் வேண்டவே வேண்டாம் என்று தோன்றினால்

படகு கடலுக்கே போகாமல் மலை ஏரியிலேயே கிடக்கப்போகிறதா? அப்படியென்றால் கொட்டலசு வராது, அது உப்புநீர்ப் பிராணி. வருவது பாசி, வழுக்கல், சில நேரம் நத்தை முட்டை. நல்ல எபாக்ஸி ப்ரைமரும் கடினமான மேல் பெயின்டும் ஸ்பாஞ்சும் போதும். செம்பு கலந்ததை ஏரிக்குக் கொண்டுபோகாதீர்கள். தாதுச் சத்து குறைந்த மென்னீரில் செம்பின் நஞ்சு மீனுக்கு இன்னும் கடுமையாகும். 2001இல் மூடிய தெர்மாமீட்டர் ஆலையின் பாதரசத்தைப் பற்றி இன்னும் பேசிக்கொண்டிருக்கிற ஊர் இது. ஏரியில் இன்னொரு உலோகம் வேண்டாம். சிலிகான் என்ற பேரிலும் பாசிக்கொல்லி கலந்தவை வருகின்றன, லேபிளைப் படித்து வாங்குங்கள்.

கடலுக்கும் மலைக்கும் போய்வரும் படகுக்கு என் ஓட்டு சிலிகானுக்கே. செம்புப் பெயின்ட் பலவற்றுக்கு மாதக்கணக்கில் தண்ணீருக்கு வெளியே கிடந்தால் வீரியம் குறையும். சிலிகானுக்கு ஷெட்டில் உறங்குவதால் ஒன்றும் ஆகாது.

அடித்துவிட்டு மனம் மாறினால் சிரமம்தான். சிலிகான்மேல் வேறு பெயின்ட் நிற்காது. உப்புத்தாள் போட்டால் ரப்பர் திரண்டு தாளை அடைக்கும், தூள் எல்லா இடமும் பரவும். கூரான சுரண்டியால் பட்டையாக எடுத்து, கடைசி மிச்சத்தை எபாக்ஸியோடு சேர்த்து அகற்ற வேண்டும். சிலிகானுக்கு அடியில் யார் எப்போது பூசியது என்று தெரியாத பழைய அடிப்பெயின்ட் இருந்தால் உலர்ந்த நிலையில் தேய்க்காதீர்கள். டிரைபியூட்டைல் டின் என்ற வெள்ளீய நஞ்சு கலந்த பெயின்டைத் தடை செய்யும் உலக ஒப்பந்தம் 2001இல் ஏற்பட்டு 2008இல்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முந்தைய படகில் எது இருக்கும் என்று சொல்ல முடியாது. தண்ணீர் விட்டு, மாஸ்க்கும் கையுறையும் போட்டு, கீழே தார்ப்பாய் விரித்துச் சுரண்டுங்கள். சுரண்டலைச் சாக்கில் கட்டுங்கள், மழைநீர் ஓடையில் தள்ள வேண்டாம். சிலிகான் பட்ட ரோலர், தட்டு, துணி மூன்றையும் தனியே ஒதுக்குங்கள். அடுத்த எபாக்ஸி வேலைக்கு அவற்றை எடுத்தால் மறுபடி மீன்கண்தான்.